முட்டைப் பெட்டியின் சுட்டுத்துண்டும் முட்டையின் தரமும்

மலைநாட்டு நெல், மரக்கறி விவசாயிகளுக்கான விளக்கம்

முட்டை உடல் வளர்ச்சிக்கு உகந்த உணவு என்பதை யாவரும் அறிவர். 50 கிராம் எடையுள்ள முட்டை ஒன்றில் ஏறத்தாழ 6 கிராம் புரதம் உண்டு. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி, இலங்கையில் ஐந்து வயதிற்குட்பட்ட குழந்தைகளுள் வயதுக்கேற்ற உயரமின்றி இருந்தோர் நூற்றுக்கு 17.3 பேர். பெருந்தோட்டப் பகுதிகளிலோ இத்தொகை நூற்றுக்கு 31.7 ஆக இருந்தது. இத்தகைய பகுதியில் வாழும் ஒரு குடும்பம் காசு கொடுத்து வாங்கும் முட்டை கெட்டுப்போனதாக இருப்பின், நட்டம் காசோடு நிற்பதில்லை. குழந்தையின் தட்டிலிருந்தும் ஒரு வேளைப் புரதம் போய்விடுகிறது.

நுவரெலியா, ஹட்டன் பகுதி விவசாயிகளுட் பலர் முட்டையை வாங்குவோராகவும் விற்போராகவும் உள்ளனர். மரக்கறித் தோட்டத்தின் ஓரத்திலோ வீட்டின் பின்புறத்திலோ பத்துக் கோழிகளை வளர்த்து, மிகுந்த முட்டைகளைக் கடைக்குக் கொடுப்போர் உண்டு. பெட்டியிற் காணும் சுட்டுத்துண்டை (லேபலை) வாசிக்கவும், முட்டையின் தரத்தைத் தாமே சோதிக்கவும் அறிந்தவர் வாங்கும்போது ஏமாறார், விற்கும்போதும் இழப்படையார். அவ்வறிவைத் தருவதே இதன் நோக்கமாகும்.

1. முட்டையின் அமைப்பு

தரத்தை அறியுமுன் முட்டையின் அமைப்பை அறிதல் வேண்டும். முட்டையின் எடையில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு ஓடு, பத்தில் ஆறு பங்கு வெண்கரு, எஞ்சியது மஞ்சட்கரு. ஓட்டில் கண்ணுக்குப் புலப்படாத பல்லாயிரம் நுண்டுளைகள் உள்ளன. இட்ட முட்டையின் மேல் மெல்லிய இயற்கைப் பூச்சு ஒன்று படிந்து இத்துளைகளைக் காக்கிறது.

முட்டை இடப்பட்டுக் குளிரும்போது உள்ளிருக்கும் பொருள் சுருங்கும். அப்பொழுது அகன்ற முனையில் ஒரு சிறு காற்றறை தோன்றும். நாட்கள் செல்லச் செல்ல நீர் ஆவியாகித் துளைகளின் வழியே வெளியேறுகிறது, காற்றறை பெரிதாகிறது. கரியமில வாயுவும் வெளியேறுவதால் தடித்த வெண்கரு இளகி நீர்த்துப்போகிறது. மஞ்சட்கருவைச் சுற்றியுள்ள சவ்வும் வலுவிழக்கிறது. தரம் பிரிப்போர் பார்ப்பன இம்மாற்றங்களையே.

2. எடை வேறு, தரம் வேறு

பெட்டியில் உள்ள செய்திகளுள் முதலிற் பிரித்தறிய வேண்டியவை இரண்டு. ஒன்று எடை அல்லது பருமன்; மற்றது தரம். பெரிய முட்டையெல்லாம் நல்ல முட்டையன்று. சிறிய முட்டையெல்லாம் தரங்குறைந்ததுமன்று. முட்டையிடத் தொடங்கிய இளங்கோழி சிறிய முட்டையை இடும். அதன் ஓடு வலுவாக இருக்கும். வயது ஏற முட்டை பெரிதாகும். ஓடோ பெரும்பாலும் வலுக்குறையும்.

பல நாடுகள் எடையை வகுத்துள்ள முறை வருமாறு:

இந்தியாவின் அக்மார்க் முறை: 60 கிராமும் அதற்கு மேலும் மிகப் பெரியது, 53 முதல் 59 வரை பெரியது, 45 முதல் 52 வரை நடுத்தரம், 38 முதல் 44 வரை சிறியது.

ஐரோப்பிய ஒன்றிய முறை: 73 கிராமும் அதற்கு மேலும் எக்ஸ்எல், 63 முதல் 73க்குக் கீழ் வரை எல், 53 முதல் 63க்குக் கீழ் வரை எம், 53க்குக் குறைந்தது எஸ்.

ஐக்கிய அமெரிக்க முறை: தனி முட்டையை விடுத்து, ஒரு டசினின் மொத்த எடையைக் கணக்கிடுவது. 24 அவுன்சு எடையுள்ள டசின் "பெரியது" எனப்படும். அஃது ஒரு முட்டைக்கு ஏறத்தாழ 57 கிராம் ஆகும்.

ஒரு நாட்டிற் "பெரியது" எனப்படும் முட்டை மற்றொரு நாட்டில் நடுத்தரமாகிவிடுவதை இதிற் காண்கிறோம். ஆகவே "பெரியது" என்னும் சொல்லை நம்புவதைவிடக் கிராம் கணக்கை நம்புவதே மேல்.

இதன் பயனை ஒரு கணக்கால் விளக்குவோம். 2023ஆம் ஆண்டில் நம் நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு ஏற்பட்டது. அவ்வாண்டு மார்ச்சு மாதத்தில் அரச வர்த்தகக் கூட்டுத்தாபனத்தின் மூலம் இந்திய முட்டைகள் இறக்குமதியாகத் தொடங்கின. ஏப்பிரல் மாதத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபை முட்டையின் அதிகூடிய சில்லறை விலையை எடைப்படி வகுத்தது. வெள்ளை முட்டை கிலோகிராம் 880 ரூபா. சிவப்பு முட்டை கிலோகிராம் 920 ரூபா. இவை அக்காலத்து விலைகள். இன்றைய விலைகள் அல்ல. எனினும் கணக்கு என்றும் பயன்படும்.

கிலோகிராம் 880 ரூபா எனின், 50 கிராம் முட்டையின் மதிப்பு 44 ரூபா. 60 கிராம் முட்டையின் மதிப்பு 52 ரூபா 80 சதம். 45 கிராம் முட்டையின் மதிப்பு 39 ரூபா 60 சதம். இனி, 30 முட்டை கொள்ளும் தட்டுகள் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் 60 கிராம் முட்டைகள் உள்ளன. அதன் மொத்த எடை 1,800 கிராம். மற்றதில் 45 கிராம் முட்டைகள் உள்ளன. அதன் மொத்த எடை 1,350 கிராம். வேறுபாடு 450 கிராம். அதாவது பத்துச் சிறு முட்டைகள். இரு தட்டுகளையும் முட்டை 44 ரூபா வீதம் எண்ணி விற்றால் இரண்டிற்கும் விலை 1,320 ரூபாவே. சிறு முட்டைத் தட்டை வாங்கியவர் 132 ரூபா மிகுதியாகக் கொடுத்தவராவார். பெரிய முட்டைத் தட்டை விற்றவர் 264 ரூபாவை இழந்தவராவார்.

எண்ணி விற்கும் வழக்கம் நம்மிடையே வேரூன்றிய ஒன்று. அதனை ஒரே நாளில் மாற்ற இயலாது. ஆயினும் கடையில் ஒரு தட்டைத் தராசில் வைத்துப் பார்க்கும்படி கேட்பது வாங்குவோரின் உரிமையாகும்.

3. தரம் என்பது யாது?

தரம் என்பது ஓட்டின் நிலை, காற்றறையின் ஆழம், வெண்கருவின் தடிப்பு, மஞ்சட்கருவின் நிலை ஆகிய நான்கையும் பொறுத்தது. ஐக்கிய அமெரிக்காவில் ஏஏ, ஏ, பி என மூன்று தரங்கள் உண்டு.

ஏஏ தரம்: ஓடு துப்புரவானது, வெடிப்பற்றது. காற்றறையின் ஆழம் ஓர் அங்குலத்தின் எட்டில் ஒரு பங்கிற்கு (ஏறத்தாழ 3 மில்லிமீற்றருக்கு) மேற்படாது. உடைத்துத் தட்டிலிட்டால் வெண்கரு தடித்து உயர்ந்து நிற்கும். மஞ்சட்கரு உருண்டையாக இருக்கும்.

ஏ தரம்: ஓடு அவ்வாறே. காற்றறை ஏறத்தாழ 5 மில்லிமீற்றர் வரை இருக்கலாம். வெண்கரு சிறிதளவு இளகியிருக்கும்.

பி தரம்: ஓட்டிற் சிறு கறை இருக்கலாம். காற்றறை பெரியது. வெண்கரு நீர்த்துப் பரவும், மஞ்சட்கரு தட்டையாகும். இவை கேக், பிஸ்கட் முதலியன செய்யும் ஆலைகளுக்கே பெரும்பாலும் செல்கின்றன.

வெண்கருவின் உயரத்தை முட்டையின் எடையோடு சேர்த்துக் கணக்கிட்டு எண்ணாற் குறிக்கும் முறையை 1937ஆம் ஆண்டில் ரேமண்ட் ஹா என்பார் வகுத்தார். "ஹா அலகு" எனப்படும் அவ்வெண் 72 அல்லது அதற்கு மேல் இருப்பின் ஏஏ தரம். 60 முதல் 71 வரை ஏ தரம். 60க்குக் கீழ் பி தரம். ஐரோப்பாவில் உண்பதற்கு விற்கும் முட்டை ஏ தரத்ததாக இருத்தல் வேண்டும்; அங்கு அதன் காற்றறை 6 மில்லிமீற்றருக்கு மேற்படலாகாது.

இங்கே இரண்டு உண்மைகளை நினைவிற் கொள்ளுங்கள். முதலாவது, ஏஏ முட்டைக்கும் பி முட்டைக்கும் புரதச் சத்தில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. தரம் குறிப்பது புதுமையையும் தோற்றத்தையுமே. இரண்டாவது, தரம் என்பது பெட்டியில் அடைத்த நாளின் நிலை. அதன்பின் வெயிலிற் கிடந்த முட்டை எந்த எழுத்தைத் தாங்கியிருப்பினும் பழைய முட்டையே.

4. திகதியும் முத்திரையும்

இலங்கையில் உறையிட்டு விற்கும் உணவுகளின் சுட்டுத்துண்டு பற்றி, 1980ஆம் ஆண்டின் 26ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் ஒழுங்குவிதிகள் உள்ளன. முட்டைப் பெட்டியை எடுத்தவுடன் பின்வருவனவற்றைத் தேடுங்கள்: பண்ணையின் அல்லது பொதி செய்தவரின் பெயரும் முகவரியும், எண்ணிக்கையும் எடையும், பொதி செய்த திகதி, காலாவதித் திகதி, தொகுதி இலக்கம், விலை. முகவரியும் தொகுதி இலக்கமும் இருப்பின், கெட்ட முட்டை எங்கிருந்து வந்தது என்பதைக் கண்டறியலாம். இவ்விரண்டும் இல்லாத பெட்டிக்குப் பொறுப்பேற்பார் எவருமிலர்.

எஸ்.எல்.எஸ். முத்திரை இலங்கைக் கட்டளைகள் நிறுவனத்தினுடையது. 1964ஆம் ஆண்டின் சட்டத்தினால் கட்டளைகள் பணியகமாகத் தொடங்கிய அமைப்பு, 1984ஆம் ஆண்டின் சட்டத்தின் கீழ் இன்றைய பெயரைப் பெற்றது. ஒரு பொருள் குறித்த கட்டளைக்கு ஏற்ப ஆக்கப்பட்டுள்ளது என்பதே இம்முத்திரையின் பொருள். முத்திரை இருப்பினும் திகதியைப் பார்க்கத் தவறலாகாது.

வெளிநாட்டுப் பெட்டிகளில் வேறு இலக்கங்களைக் காணலாம். அமெரிக்கப் பெட்டியில் 001 முதல் 365 வரையான மூவிலக்க எண் பொதி செய்த நாளைக் குறிக்கும். 032 எனின் பெப்ரவரி முதலாம் நாள். ஐரோப்பிய முட்டையின் ஓட்டிலேயே அச்சிட்ட முதல் இலக்கம் கோழி வளர்த்த முறையைக் குறிக்கும்: 0 இயற்கை முறைப் பண்ணை, 1 வெளியில் மேயவிட்டது, 2 கூடின்றிக் கொட்டிலினுள் வளர்த்தது, 3 கூட்டில் அடைத்தது. அங்கு இட்ட நாளிலிருந்து 28 நாட்களே "சிறந்த நிலைக் காலம்" எனக் கொள்ளப்படுகிறது.

5. அழகுச் சொற்களும் அவற்றின் பொருளும்

பெட்டியில் உள்ள எல்லாச் சொற்களும் ஒரே மதிப்புடையன அல்ல.

"பண்ணைப் புதியது", "இயற்கையானது": இவற்றால் அளவிடத்தக்க எதுவும் பெறப்படுவதில்லை. எல்லா முட்டையும் ஏதோ ஒரு பண்ணையில் ஒரு நாள் புதியதாக இருந்ததே.

"ஹோர்மோன் அற்றது": முட்டைக் கோழிக்கு ஹோர்மோன் கொடுக்கும் வழக்கம் இல்லை. ஐக்கிய அமெரிக்காவில் அது சட்டத்தாலும் தடுக்கப்பட்டுள்ளது. இல்லாத ஒன்றை இல்லையெனச் சொல்வதற்கு மேல்விலை கொடுக்க வேண்டியதில்லை.

"ஒமேகா-3 நிறைந்தது": ஆளிவிதை, மீனெண்ணெய் முதலியவற்றைத் தீவனத்திற் சேர்த்தால் மஞ்சட்கருவின் கொழுப்பு மாறுவது உண்மையே. அளவு எவ்வளவு என்பது பெட்டியில் எழுதப்பட்டிருந்தால் மட்டுமே இச்சொல்லுக்கு மதிப்புண்டு.

"சிவப்பு முட்டை": ஓட்டின் நிறம் கோழியின் இனத்தால் அமைவது. லெக்ஹோர்ன் வெள்ளை முட்டையிடும். ரோட் ஐலண்ட் ரெட் சிவப்பு முட்டையிடும். சத்து நிறத்தால் மாறுவதில்லை. வெள்ளை முட்டையைத் தேயிலைச் சாயத்தில் ஊறவைத்தும் நிறம் ஏற்றலாம் என்பதைத் தேயிலை மலையில் வாழும் உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை. ஆகவே நிறத்தை மட்டும் கண்டு நாட்டு முட்டை என்று நம்பி விலை கொடுக்காதீர்கள்.

"கடும் மஞ்சட்கரு": இது தீவனத்தின் விளைவு. மஞ்சட் சோளமும் பச்சிலையும் தின்னும் கோழியின் மஞ்சட்கரு கடும் நிறம் பெறும். புதுமைக்கு இது சான்றன்று.

6. வீட்டிலேயே சோதிக்கும் முறைகள்

ஒளிச் சோதனை: மட்டைத் துண்டொன்றில் 3 சென்றிமீற்றர் அகலமான வட்டத் துளையிடுங்கள். இருட்டறையில் அதன் பின்னே டோர்ச் விளக்கை வைத்து, முட்டையின் அகன்ற முனையைத் துளையோடு சேர்த்துப் பிடியுங்கள். காற்றறை ஒளியுள்ள தொப்பி போல் தெரியும். அது சிறிதாயின் முட்டை புதியது. முட்டையை மெல்லச் சுழற்றுங்கள். மஞ்சட்கருவின் நிழல் மங்கலாக நடுவில் நின்றால் நல்லது. தெளிவாகத் தெரிந்து ஓடியாடினால் பழையது. உட்புறம் கறுத்திருந்தால் அழுகியது. ஓட்டில் ஒளிக்கீற்றுகள் தெரிந்தால் வெடிப்பு உண்டு. இரத்த வளையம் தெரிந்தால் கரு வளரத் தொடங்கியுள்ளது. சிவப்பு ஓட்டினூடே பார்ப்பது சற்றுக் கடினம், பழகினால் இயலும்.

நீர்ச் சோதனை: ஆழமான பாத்திரத்தில் நீர் நிரப்பி முட்டையை இடுங்கள். அடியிற் கிடையாகப் படுத்தால் புதியது. முனை தூக்கி நின்றால் பழையது. விரைவில் நன்கு வேகவைத்து உண்க. மிதந்தால் விலக்குக. நனைந்த முட்டையின் காப்புப் பூச்சு கெடுவதால், விற்பதற்கோ சேமிப்பதற்கோ உரியவற்றை நீரில் இடலாகாது. சமைக்க எடுத்தவற்றையே இடல் வேண்டும்.

உடைத்துப் பார்த்தல்: ஒவ்வொரு முட்டையையும் முதலில் ஒரு கோப்பையில் உடைத்துப் பின்னரே சட்டியிற் சேருங்கள். ஒரு கெட்ட முட்டையால் நல்லவை யாவும் வீணாவதை இது தடுக்கும். வெண்கரு சற்றுக் கலங்கலாக இருப்பின் அஞ்ச வேண்டாம். அது புதுமையின் அடையாளம். சிறு இரத்தப் புள்ளியும் தீங்கற்றது, எடுத்துவிட்டுச் சமைக்கலாம். தீநாற்றம் எழின் எறிந்துவிடுக.

இச்சோதனைகள் பழமையைக் காட்டுமேயன்றி நோய்க்கிருமியைக் காட்டமாட்டா. சல்மொனெல்லாக் கிருமி புதிய முட்டையிலும் இருக்கலாம். ஆகவே குழந்தைகள், கருவுற்ற தாய்மார், முதியோர் ஆகியோருக்கு வெண்கருவும் மஞ்சட்கருவும் இறுகும்வரை வேகவைத்தே கொடுத்தல் வேண்டும்.

7. மலைநாட்டுக் குளிரைப் பயன்படுத்துதல்

நாட்டின் முட்டைப் பண்ணைகள் மிகுதியாக உள்ள இடம் குருநாகல், புத்தளம் மாவட்டங்களைக் கொண்ட வடமேல் மாகாணமாகும். அங்கிருந்து மலையேறும் முட்டை வெப்பத்தில் சில நாட்களைக் கழித்தே உங்கள் கடையை அடைகிறது. அறை வெப்பத்தில் ஒரு நாளில் அடையும் முதுமையைக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரத்திலும் முட்டை அடையாது என்பது பொதுவிதி. நுவரெலியாவின் சராசரி வெப்பநிலையோ ஏறத்தாழ 16 பாகை செல்சியசே. இங்கு இடப்படும் முட்டை இயல்பாகவே தாழ்நிலத்து முட்டையைவிட நீண்டநாள் தரங்கெடாமல் நிற்கும். இது மலைநாட்டுக் கோழி வளர்ப்போருக்கு இயற்கை தந்த வாய்ப்பாகும்.

எனினும் ஈரத்தைக் குறித்து எச்சரிக்கை தேவை. குளிர்ந்த இடத்திலிருந்த முட்டையை வெப்பமான இடத்திற்குக் கொண்டுசென்றால் ஓட்டின் மேல் நீர் துளிர்க்கும். நுவரெலியாவிலிருந்து நாவலப்பிட்டி போன்ற தாழ்ந்த இடங்களுக்கு முட்டை கொண்டு செல்வோர் இதனைக் கண்டிருப்பர். ஈர ஓட்டின் வழியே கிருமி எளிதில் உட்புகும். அவ்வேளையில் துணியால் தேய்க்காமல் காற்றோட்டத்தில் உலரவிடுங்கள்.

சேமிக்கையில் அகன்ற முனை மேலிருக்கட்டும். அடுப்படியிலும் கூரைத் தகரத்தின் கீழும் வைக்கலாகாது. மண்ணெண்ணெய், வெங்காயம், பயிர் மருந்து ஆகியவற்றின் அருகிலும் வைக்கலாகாது. முட்டை நாற்றத்தை ஈர்க்கும்.

8. விற்கும் விவசாயிகள் செய்ய வேண்டியவை

முட்டைகளை நாளொன்றுக்கு இருமுறை பொறுக்குங்கள். பெட்டியில் உலர்ந்த உமி அல்லது மரத்தூள் இட்டு வைத்தால் முட்டை அழுக்காகாது. சிறிது அழுக்கானதை உலர்ந்த துணியால் துடைக்கலாம். மிக அழுக்கானதையும் வெடித்ததையும் விற்பனைக்கு வைக்காதீர்கள். அமெரிக்காவில் முட்டையைக் கழுவியபின் குளிரூட்டுகின்றனர். ஐரோப்பாவில் பொதுவாகக் கழுவாமலே விற்கின்றனர். குளிரூட்டும் வசதியில்லாதவர் கழுவாமல் விடுவதே நன்று.

மரக்கறிப் பாத்திக்குக் கோழி எரு இட்ட கையோடு முட்டையைத் தொடாதீர்கள். சவர்க்காரமிட்டுக் கழுவியபின் தொடுங்கள். மருந்து தெளித்த கோவா, லீக்ஸ் ஆகியவற்றின் கழிவு இலைகளைக் கோழிக்குப் போடாதீர்கள். நஞ்சு முட்டையில் வந்து சேரலாம். நோயுற்ற கோழிக்கு மருந்து கொடுத்தால், எத்தனை நாட்களுக்கு அதன் முட்டையை விலக்க வேண்டும் என்பதைக் கால்நடை வைத்தியரிடம் கேட்டு, அந்நாட்கள் கழியும்வரை விற்காதீர்கள்.

பின்னர் முட்டைகளைத் தராசில் நிறுத்து மூன்று பிரிவாக்குங்கள்: 55 கிராமுக்கு மேற்பட்டவை, 45 முதல் 55 வரை உள்ளவை, 45க்குக் குறைந்தவை. நாட்டுக் கோழி முட்டைகள் பெரும்பாலும் இறுதிப் பிரிவில் அடங்கும்; அதில் வெட்கத்திற்கு இடமில்லை. பொறுக்கிய நாளை ஓட்டில் பென்சிலாற் குறியுங்கள், மை வேண்டாம். பெட்டியின் மேல் இவ்வாறு எழுதி ஒட்டலாம்:

கோழி முட்டை — எண்ணிக்கை 10
மொத்த எடை — 480 கிராம்
பொறுக்கிய திகதி — ........
வளர்ப்பவர் பெயர், ஊர் — ........
குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்கவும்

இவ்வைந்து வரிகளும் உண்மையாக இருந்தால், அழகுச் சொற்கள் எவையும் தேவைப்படா. ஒருமுறை வாங்கியவர் மறுமுறையும் உங்களையே தேடி வருவார்.

9. நினைவிற் கொள்ள வேண்டியவை

(1) எடை, தரம், திகதி ஆகிய மூன்றும் வெவ்வேறானவை, மூன்றையும் பார்க்க.
(2) எண்ணிக்கையோடு எடையையும் கேட்க.
(3) நிறத்திற்கும் வெற்றுச் சொற்களுக்கும் மேல்விலை கொடுக்கற்க.
(4) வாங்கிய முட்டையைக் குளிர்ந்த, உலர்ந்த இடத்தில் வைக்க.
(5) தனித்தனியே கோப்பையில் உடைத்து, நன்கு வேகவைத்து உண்க.
(6) விற்கும் முட்டையை நிறுத்து, ஒளியிற் பார்த்து, திகதியிட்டு விற்க.

காலாவதியான முட்டையையோ திகதி மாற்றப்பட்ட பெட்டியையோ கண்டால், உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் அறிவியுங்கள். 1977 என்னும் தொலைபேசி இலக்கத்தில் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கும் முறையிடலாம். கோழி வளர்ப்புப் பற்றிய ஐயங்களுக்கு அண்மையிலுள்ள அரசாங்கக் கால்நடை வைத்திய அலுவலகத்தை நாடுக.